செட்டிங் மாறினால் ரிலீஸ் நோட்டில் என்ன எழுதுவது: முழுமையான வழிகாட்டி

காலை ஒன்பதே கால் இருக்கும். பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம், கேரள எல்லையை ஒட்டிய கோபாலபுரத்தில் பைப், மோட்டார் விற்கும் கடையில் கணக்குப் பார்க்கும் அண்ணன் கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, நேத்து ராத்திரி வரைக்கும் சரியாத்தான இருந்துச்சு? இன்னிக்குக் கடை தொறந்ததுல இருந்து பாதி பில்லு ஐஜிஎஸ்டில விழுகுதுங்க. நாங்க எதையும் தொடலீங்க."

அவர் சொன்னது உண்மை. அவர் எதையும் தொடவில்லை. தொட்டது நாங்கள். பில் திரையில் போன் நம்பரை அடித்தால் பழைய வாடிக்கையாளரின் முகவரி தானாக வந்து நிரம்பும் வசதி ஒன்று எங்கள் பில்லிங் மென்பொருளில் இருக்கிறது. அது ஆஃப் நிலையில்தான் வரும். வேண்டும் என்கிற கடைக்காரர் ஆன் செய்துகொள்வார். முந்தின ராத்திரி அப்டேட் ஆன புதிய வெர்ஷனில் அதை நாங்களே ஆன் ஆக்கி அனுப்பிவிட்டோம்.

எல்லைக் கடையில் இது சின்ன விஷயம் இல்லை. 2023 அக்டோபர் 1 முதல், ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஒருவருக்குப் பொருள் விற்றால், பில்லில் அவருடைய மாநிலம் எழுதியிருந்தால் அந்த மாநிலம்தான் விற்பனை நடந்த இடமாகக் கொள்ளப்படும். எழுதாவிட்டால் கடை இருக்கும் இடம். கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்து பைப் வாங்கிப் போகிறவருக்கு முகவரி இல்லாமல் பில் போட்டால், மாநிலத்துக்குள் விற்றதற்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்ற இரண்டு வரி. கேரளா என்று நிரம்பிவிட்டால், மாநிலம் விட்டு மாநிலம் விற்றதற்கான ஐஜிஎஸ்டி. இதில் எது சரி என்பதை அந்தக் கடையின் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். எங்கள் தப்பு, சொல்லாமல் மாற்றியது.

சொல்லவே இல்லை என்றும் இல்லை. புதிய வெர்ஷனில் என்ன மாறியது என்று கடைகளுக்குச் சொல்லி அனுப்பும் குறிப்பில், அதாவது ரிலீஸ் நோட்டில், ஒரு வரி இருந்தது: "பில் திரை செட்டிங்குகள் மேம்படுத்தப்பட்டன." இந்த வரியை எழுதியவன் நான்தான்.

அதன்பிறகு எங்கள் குழுவில் செட்டிங் மாற்றங்களுக்கான குறிப்பெல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். முக்கியமாக, எந்த வேலையை முதலில் செய்வது என்பதில். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

பழைய வெர்ஷன், புதிய வெர்ஷன் இரண்டும் ஓடும் நிலையில் வேண்டும். அதோடு, உண்மையான ஒரு கடையின் செட்டிங் கோப்பின் நகல், பெயர், ஜிஎஸ்டி எண், பாஸ்வேர்டு எல்லாம் நீக்கியது. நம் கம்ப்யூட்டரில் இருக்கும் மாதிரிக் கோப்பு எப்போதும் சுத்தமாக இருக்கும். கடையில் இருப்பது நாலு வருடமாக யார் யாரோ கை வைத்த கோப்பு. பிரச்சினை அங்கேதான் வரும்.

மாற்றத்தைச் செய்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் போனிலாவது. "ஏன் மாற்றினாய்?" என்ற ஒரு கேள்விக்குப் பதில் அவரிடம் மட்டும்தான் கிடைக்கும்.

காலண்டரும் வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்யும் கடைகளுக்கு விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள் 11-ஆம் தேதி, வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி 20-ஆம் தேதி. 9-ஆம் தேதி ராத்திரி வரிக் கணக்கைத் தொடும் செட்டிங்கை மாற்றி அனுப்பினால், குறிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாசிக்க ஆள் இருக்காது. ஓணத்துக்கு முந்தின வாரமும், எல்லைக்கு இந்தப் பக்கம் பொங்கல் வாரமும் அப்படித்தான்.

2. நினைவிலிருந்து எழுதாமல் ஒப்பிட்டு எடுங்கள்

புதியவர்கள் செய்யும் முதல் தப்பு, "இந்த ரிலீஸில் என்னென்ன மாற்றினோம்?" என்று குழுவில் கேட்டுப் பட்டியல் போடுவது. மனிதர்களுக்கு அவர்கள் கஷ்டப்பட்டுச் செய்த வேலை ஞாபகம் இருக்கும். போகிற போக்கில் ஒரு டீஃபால்ட்டை, அதாவது யாரும் மாற்றாதபோது தானாக இருக்கும் மதிப்பை, மாற்றியது ஞாபகம் இருக்காது. எங்கள் முகவரி விஷயமும் அப்படித்தான்: வேறு ஒரு வேலையின் நடுவே, ஒரே ஒரு சொல் மாற்றம்.

புரோகிராமின் எல்லா வெர்ஷனையும் சேமித்துவைக்கும் கிட் (Git) என்ற கருவியில், இரண்டு வெர்ஷன்களின் செட்டிங் கோப்பை ஒப்பிட்டு டிஃப் போட்டால் போதும் என்று அடுத்து நினைப்பார்கள். அதுவும் பாதிதான். கோப்பில் ஒரு வரி இல்லாதபோது எந்த மதிப்பை எடுத்துக்கொள்வது என்பது கோடுக்குள் (புரோகிராமுக்குள்) ஒளிந்திருக்கும். கோப்பு ஒரு எழுத்துகூட மாறாமல் நடத்தை மட்டும் மாறும்.

ஆகவே மூன்று பட்டியல் எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் இப்போது எந்த மதிப்பை வைத்திருக்கிறது என்பதை அதனிடமே கேட்டு எடுக்க வேண்டும்.

அ. பழைய வெர்ஷன், கடையின் கோப்போடு.
ஆ. அதே கோப்பை வைத்துக்கொண்டு புதிய வெர்ஷனுக்கு அப்டேட் செய்தது.
இ. புதிய வெர்ஷன், புத்தம் புதிதாக நிறுவியது.

அ-வுக்கும் ஆ-வுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் குறிப்பின் முக்கிய உள்ளடக்கம். ஆ-வுக்கும் இ-க்கும் வித்தியாசம் இருந்தால் அதையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பழைய கடையும் புதிய கடையும் ஒரே வெர்ஷனில் வேறு வேறாக நடந்துகொள்ளும், போனில் பேசும் உங்கள் ஆளுக்குத் தலை சுற்றும்.

இதற்கு நல்ல உதாரணம் மைஎஸ்கியூஎல் (MySQL) என்ற டேட்டாபேஸ் மென்பொருள். 2018-இல் வந்த 8.0 வெர்ஷனில் எழுத்து முறையின் டீஃபால்ட், லத்தீன்1-இலிருந்து யுடிஎஃப்8எம்பி4-க்கு மாறியது. தமிழ், மலையாளப் பெயர்களைச் சேமிக்கும் நமக்கு நல்ல செய்திதான். ஆனால் பழைய டேபிள்கள் பழைய முறையிலேயே இருக்கும், அப்டேட்டுக்குப் பிறகு புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸ் மட்டும் புதிய முறையில் வரும். வேறு வேறு வரிசை முறையில் இருக்கும் டேபிள்களை ஒரே குவெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில்) சேர்க்கப் போனால், வரிசை முறை பொருந்தவில்லை என்று சில நேரம் பிழை வரலாம். "டீஃபால்ட் மாறியது" என்ற ஒற்றை வரியில் இது தெரியாது. "பழைய டேபிள் மாறாது, புதிய டேட்டாபேஸ் மட்டும் மாறும்" என்று எழுதினால்தான் தெரியும்.

3. "ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்பதை முதல் வரியாக எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

செட்டிங் மாற்றத்துக்கான குறிப்பை வாசிப்பவர் புது வசதி தேடி வரவில்லை. கடையைச் சாத்தும் நேரத்தில், அப்டேட் பட்டனை அழுத்தலாமா வேண்டாமா என்று பார்க்கிறார். அவர் மனதில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: நான் பேசாமல் இருந்தால் நாளைக் காலையில் ஏதாவது மாறியிருக்குமா?

அதற்கு மூன்றே பதில்தான் உண்டு. ஒன்றும் மாறாது. மாறும், ஆனால் வேலை நிற்காது. வேலை நின்றுபோகும். மூன்றில் எது என்பது முதல் வரியிலேயே தெரிய வேண்டும்.

ஆச்சரியம் என்னவென்றால், மூன்றில் மிக ஆபத்தானது நடுவில் உள்ளது. வேலை நின்றால் உடனே போன் வரும், பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். வேலை நடந்துகொண்டே கணக்கு மாறினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கோபாலபுரத்து அண்ணன் கவனமான ஆள், அன்று காலையே பிடித்துவிட்டார். இன்னொரு கடையில் இருபது நாள் கழித்துத்தான் தெரிந்தது.

எங்கள் பழைய வரியை இப்படி மாற்றினோம்: "நீங்கள் எதுவும் செய்யாவிட்டால், இந்த அப்டேட்டுக்குப் பிறகு பழைய வாடிக்கையாளரின் முகவரி பில்லில் தானாக நிரம்பும். அவர் வேறு மாநிலத்தவர் என்றால் வரி ஐஜிஎஸ்டி ஆக மாறும்."

இதில் "மேம்படுத்தப்பட்டது" இல்லை என்பதைக் கவனியுங்கள். மேம்படுத்தப்பட்டது, எளிமையாக்கப்பட்டது, சீரமைக்கப்பட்டது, இந்த மூன்று சொல்லையும் எங்கள் குறிப்புகளில் தடை செய்திருக்கிறேன். மூன்றுமே மாற்றியவரின் சந்தோஷத்தைச் சொல்கின்றன, என்ன மாறியது என்பதைச் சொல்வதில்லை. செயப்பாட்டு வினையில் எழுதினால் இன்னொரு கெடுதலும் உண்டு: மாற்றியது மென்பொருளா, கடைக்காரர் மாற்ற வேண்டுமா என்பது குழம்பிப்போகும். "செட்டிங் ஆன் செய்யப்பட வேண்டும்" என்றால் யார் ஆன் செய்வது? "நீங்கள் ஆன் செய்யுங்கள்" என்று எழுதினால் சந்தேகமே இல்லை.

4. பழைய மதிப்பு, புதிய மதிப்பு, இருக்கும் இடம்

அடுத்து செட்டிங்கின் பெயர். திரையில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே. திரையில் "முகவரி தானாக நிரப்பு" என்று இருந்தால் குறிப்பில் "தானியங்கி முகவரி வசதி" என்று அழகுபடுத்தக் கூடாது. வாசிப்பவர் அந்தச் சொல்லைத் தேடுவார், கிடைக்காது. கோப்பில் உள்ள பெயராக இருந்தால், கோப்பிலிருந்து காப்பி எடுத்து ஒட்டுங்கள். கையால் அடிக்க வேண்டாம்.

அது இருக்கும் இடத்தையும் சொல்லுங்கள்: எந்த மெனு, எந்தப் பக்கம், எந்தக் கோப்பு.

பிறகு முன்பு என்ன, இனி என்ன. இரண்டும் வேண்டும். "இனி 30" என்று மட்டும் எழுதினால், தன் கடையில் இருப்பது பழைய டீஃபால்ட்டா, யாரோ வேண்டுமென்றே வைத்த மதிப்பா என்று கடைக்காரருக்குத் தெரியாது.

அளவு என்ன என்பதை விட்டுவிடாதீர்கள். 30 என்றால் நொடியா, மில்லி நொடியா? ரூபாயா, பைசாவா? சரக்கின் மதிப்பு ஒரு வரம்பைத் தாண்டினால் அனுப்பும் முன் எடுக்க வேண்டியது இ-வே பில்; அதற்கு இ-வே பில் எச்சரிக்கை வரம்பு என்று எங்களிடம் ஒரு செட்டிங் உண்டு. மாநிலத்துக்குள்ளேயே சரக்குப் போனால் தமிழ்நாட்டில் வரம்பு 1,00,000 ரூபாய், கேரளாவில் 50,000. எல்லை தாண்டினால் 50,000. இதை "வரம்பு 50 ஆக மாற்றப்பட்டது" என்று ஒரு பையன் எழுதி வந்தான். ஆயிரத்தில் சொன்னானாம்.

காலி, 0, வரியே இல்லை, இவை மூன்றும் வேறு வேறு. 0 என்றால் "வரம்பு பூஜ்யம்" என்பதா, "வரம்பே இல்லை" என்பதா? எங்கள் கோடில் ஒரு இடத்தில் ஒன்று, இன்னொரு இடத்தில் மற்றொன்று. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் குறிப்பில் எழுதிவிடுகிறோம்.

யாமல் (YAML) என்ற முறையில் எழுதிய செட்டிங் கோப்பாக இருந்தால் மேற்கோள் குறி உண்டா இல்லையா என்பதும் முக்கியம். பழைய 1.1 விதிப்படி மேற்கோள் இல்லாத யெஸ், நோ, ஆன், ஆஃப் எல்லாம் சொல்லாக இல்லாமல் உண்மை, பொய் என்ற மதிப்பாகப் படிக்கப்படும்.

5. பெயர் மாற்றத்துக்குத் தனிக் கவனம்

செட்டிங்கின் மதிப்பு மாறாமல் பெயர் மட்டும் மாறினால், சின்ன விஷயம் என்று குறிப்பின் கடைசியில் தள்ளுவார்கள். உண்மையில் அது மேலே வர வேண்டியது. பழைய பெயரில் இருக்கும் வரியைப் புதிய வெர்ஷன் கண்டுகொள்ளாமல் போய்விட்டால், கடைக்காரர் வைத்த மதிப்பு போய் டீஃபால்ட் வந்து உட்காரும். பிழைச் செய்தியும் வராது.

ஜாவாவில் புரோகிராம் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் ஸ்பிரிங் பூட் என்ற மென்பொருளின் 3.0 வெர்ஷனில் இது நடந்தது. ரெடிஸ் என்ற டேட்டாபேஸுக்கான செட்டிங்குகளின் பெயர் முன்னொட்டு "ஸ்பிரிங் ரெடிஸ்" என்பதிலிருந்து "ஸ்பிரிங் டேட்டா ரெடிஸ்" என்று மாறியது. பழைய பெயரிலேயே விட்டவர்களின் செயலி, அவர்கள் குறித்திருந்த சர்வரை விட்டுவிட்டு, டீஃபால்ட்டான லோக்கல்ஹோஸ்ட்டை, அதாவது தான் ஓடும் அதே கம்ப்யூட்டரை, தேடப் போகும். இதைப் பிடிக்க, பழைய பெயர்கள் இருந்தால் தொடக்கத்திலேயே எச்சரிக்கும் ஒரு துணை மாட்யூலையும் அவர்களே தருகிறார்கள். நம்மாலும் அந்த எச்சரிக்கை வரியைக் கோடில் சேர்க்க முடியும் என்றால், குறிப்பு எழுதும் முன் அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு அந்த எச்சரிக்கை வாசகத்தை அப்படியே குறிப்பில் போடுங்கள், தேடுபவர் கையில் சிக்கும்.

பெயர் மாற்றத்துக்கு நான்கு விவரம் வேண்டும்: பழைய பெயர், புதிய பெயர், பழைய பெயர் எந்த வெர்ஷன் வரை செல்லும், இரண்டு பெயரும் கோப்பில் இருந்தால் எது ஜெயிக்கும். நாலாவதை யாருமே எழுதுவதில்லை.

கழித்துக் கட்டிய பழைய பெயரை இன்னொரு வேலைக்கு மறுபடியும் எடுத்துப் பயன்படுத்த மட்டும் விடாதீர்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வணிக நிறுவனம், பழைய கோடுக்கு இருந்த ஒரு ஃபிளாகை (ஆன், ஆஃப் செய்யும் குறியை) புதிய வேலைக்கு எடுத்தது. எட்டு சர்வரில் ஒன்றில் புதிய கோடு போகவில்லை. அந்த ஒன்றில் பழைய கோடு உயிர்பெற்று, முக்கால் மணி நேரத்தில் 40 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். குறிப்பு எழுதுகிறவருக்கு இப்படி ஒன்று கண்ணில் பட்டால், எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பேச வேண்டும்.

6. யாருக்கு, யாருக்கு இல்லை

"அனைத்துப் பயனர்களும் கவனிக்கவும்" என்று நாலு தடவை எழுதினால் ஐந்தாவது தடவை யாரும் கவனிக்க மாட்டார்கள். யாருக்கு என்பதை, வாசிப்பவர் தன்னைத்தானே அடையாளம் கண்டுகொள்ளும் வகையில் எழுதுங்கள். "மாநிலங்களுக்கிடையே விற்பனை செய்வோர்" என்பதைவிட "பில்லில் 32, 33 என இரண்டு மாநிலக் குறியீடும் வரும் கடைகள்" நல்லது. 32 கேரளா, 33 தமிழ்நாடு என்பது பில் போடுகிற எல்லோருக்கும் தெரியும்.

யாருக்கு இல்லை என்பது அதைவிடப் பயனுள்ளது. வேலந்தாவளத்தில் எல்லா வாடிக்கையாளரும் உள்ளூர்க்காரர்களாக இருக்கும் மளிகைக் கடைக்கு, "உங்களுக்கு இது பொருந்தாது, அப்டேட் செய்துகொள்ளலாம்" என்று ஒரு வரி போதும். அவருடைய ராத்திரி மிச்சம்.

7. செய்ய வேண்டியதைக் காலவரிசையில் எழுதுங்கள்

அப்டேட்டுக்கு முன், அப்டேட்டின்போது, அப்டேட்டுக்குப் பின். இந்த மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். மனிதர்கள் ஒரு படியை வாசித்ததும் அதைச் செய்துவிட்டுத்தான் அடுத்த வரிக்கு வருவார்கள். "அப்டேட் செய்யுங்கள். அதற்கு முன் பேக்கப் எடுத்திருக்க வேண்டும்" என்று எழுதியிருந்த ஒரு குறிப்பால் நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தோம்.

ஒரு படிக்கு ஒரு வேலை. ரீஸ்டார்ட் வேண்டுமா என்பதைச் சொல்லுங்கள். கோப்பை மாற்றினால் உடனே எடுத்துக்கொள்ளுமா, மூடித் திறக்க வேண்டுமா, கவுன்டரில் உள்ள எல்லா கம்ப்யூட்டரிலும் செய்ய வேண்டுமா, சர்வரில் மட்டும் போதுமா? இது தெரியாமல், "மாத்திட்டேன், ஒண்ணும் நடக்கல" என்று வரும் போன்களே எங்களுக்கு அதிகம்.

8. சரியாகிவிட்டதா என்று பார்க்கும் வழி, திரும்பிப் போகும் வழி

சரிபார்க்கும் வழி, கடைக்காரர் தன் கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். "லாகைப் பாருங்கள்" என்பது நமக்குச் சொல்வது. அவருக்கு: "வெளிமாநில வாடிக்கையாளர் ஒருவரின் போன் நம்பரை அடித்து பிரிவ்யூ பாருங்கள். வரி, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என இரண்டாகப் பிரிந்து வந்தால் செட்டிங் ஆஃப். ஐஜிஎஸ்டி என்று ஒன்றாக வந்தால் ஆன்."

ஏன் பிரிவ்யூ? சோதனைக்காக ஒரு பில்லை சேவ் செய்தால் அது ஒரு பில் நம்பரைத் தின்றுவிடும். அப்புறம் அதை ரத்து செய்து, ஏன் ரத்து என்று ஆடிட்டரிடம் விளக்க வேண்டும்.

திரும்பிப் போகும் வழியில் புதியவர்கள் பாதியில் நின்றுவிடுவார்கள். "வேண்டாமென்றால் ஆஃப் செய்துகொள்ளலாம்." சரி, ஏற்கெனவே போட்ட பில்கள்? செட்டிங்கை ஆஃப் செய்தால் இனி வரும் பில்கள்தான் மாறும். சேவ் ஆனவை அப்படியேதான் இருக்கும். அவற்றை எந்த ரிப்போர்ட்டில் எடுத்துப் பார்ப்பது, ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்கு முன் ஆடிட்டரிடம் காட்ட வேண்டும் என்பது வரை எழுத வேண்டும். திரும்பவே முடியாத மாற்றம் என்றால் அதைத் தடித்த எழுத்தில், அப்டேட்டுக்கு முந்தைய படிகளுக்கும் மேலே போடுங்கள்.

9. தேதி ஒன்றல்ல, இரண்டு

ரிலீஸ் ஆகும் தேதி வேறு, மாற்றம் நடைமுறைக்கு வரும் தேதி வேறு. சில நேரம் முடியும் தேதி என்று மூன்றாவதும் உண்டு.

2025 செப்டம்பர் 3-இல் ஜிஎஸ்டி கவுன்சில் அறிவித்த வரி மாற்றம் செப்டம்பர் 22-இல்தான் நடைமுறைக்கு வந்தது. சொட்டுநீர்ப் பாசனச் சாமான்கள் 12 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கின. எங்கள் பக்கம் தென்னந்தோப்புக்காரர்கள் அத்தனை பேரும் அதற்காகவே காத்திருந்தார்கள். 18-ஆம் தேதி அப்டேட் போட்ட கடையில் 19-ஆம் தேதி பில் எந்த விகிதத்தில் வரும்? குறிப்பில் இருக்க வேண்டிய முதல் வரி அது. இன்னொன்று: 21-ஆம் தேதி வரை விற்ற பொருள் திரும்பி வந்து கிரெடிட் நோட் போட்டால் பழைய 12 சதவீதம்தான் வர வேண்டும். இதை எழுதாவிட்டால், சரியாக வேலை செய்யும் மென்பொருளைப் பற்றி "இன்னும் பழைய வரியே வருது" என்று புகார் வரும்.

முடியும் தேதிக்கு, வெள்ளச் சேதத்துக்காகக் கேரளா விதித்த கூடுதல் வரியான வெள்ள செஸ் நல்ல உதாரணம். 2019 ஆகஸ்ட் 1-இல் தொடங்கி 2021 ஜூலை 31-உடன் முடிந்தது. கேரளாவுக்குள், பதிவு இல்லாதவர்களுக்கு விற்றால் மட்டும். தொடங்கும்போது குறிப்பு எழுதுகிறவர்கள் முடியும்போது மறந்துவிடுவார்கள். தானாக நிற்குமா, கையால் நிறுத்த வேண்டுமா என்பதைத் தொடங்கும் நாளிலேயே எழுதிவிடுவது நல்லது.

10. எந்த மொழியில்

இந்தப் பக்கம் இது ஒரு தனிப் பாடு. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்து, தமிழ் வாசிக்கத் தடுமாறுகிற பையன்கள் கவுன்டரில் இருப்பார்கள். முதலாளிக்குத் தமிழ் மட்டும். அதனால் இரண்டு மொழியிலும் எழுதுகிறோம். ஆனால் ஒன்றை எழுதி இன்னொன்றுக்கு வரிக்கு வரி மாற்றுவதில்லை. மேலே சொன்ன விவரங்களை வைத்துக்கொண்டு இரண்டையும் தனித்தனியாக எழுதுகிறோம்.

காரணம், ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள். "பாக்கி" என்றால் தமிழ்க் கணக்கில் வர வேண்டிய கடன். மலையாளம் பேசும் கவுன்டரில் அதைக் கேட்டால் முதலில் திருப்பித் தர வேண்டிய மீதிச் சில்லறை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். "பாக்கி காட்டு" என்ற செட்டிங்கைப் பற்றி எழுதியபோது சித்தூர் தாலுகாவில் ஒரு மாதிரியும் பொள்ளாச்சியில் ஒரு மாதிரியும் புரிந்துகொண்டார்கள். இப்போது "வாடிக்கையாளர் தர வேண்டியது" என்று நீட்டியே எழுதுகிறோம்.

செட்டிங்கின் பெயரை மட்டும் எந்த மொழிக் குறிப்பிலும் மொழிபெயர்ப்பதில்லை. திரையில் உள்ளதுதான்.

11. முழுக் குறிப்பு எப்படி வரும்

மேலே உள்ளதையெல்லாம் சேர்த்தால், அன்று நாங்கள் அனுப்பியிருக்க வேண்டியது இது:

"முகவரி தானாக நிரப்பு: முன்பு ஆஃப், இனி ஆன்.

நீங்கள் எதுவும் செய்யாவிட்டால், போன் நம்பர் அடித்ததும் பழைய வாடிக்கையாளரின் முகவரி பில்லில் நிரம்பும். அவர் வேறு மாநிலத்தவர் என்றால் வரி ஐஜிஎஸ்டி ஆகும். பில் போடும் வேலை நிற்காது.

பில்லில் 32, 33 இரண்டு குறியீடும் வரும் கடைகள் கவனிக்கவும். உள்ளூர் விற்பனை மட்டும் உள்ள கடைகளில் வரி மாறாது. இந்த செட்டிங்கை ஏற்கெனவே நீங்களே ஆன் செய்திருந்தாலும் எதுவும் மாறாது.

அப்டேட்டுக்கு முன்: வெளிமாநில வாடிக்கையாளருக்கு முகவரி எழுதுவதா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
அப்டேட்டுக்குப் பின்: பழையபடி வேண்டுமென்றால் செட்டிங், பில் திரை, முகவரி தானாக நிரப்பு என்பதை ஆஃப் செய்யுங்கள். சர்வரில் மட்டும் செய்தால் போதும். ரீஸ்டார்ட் வேண்டாம்.

சரிபார்க்க: வெளிமாநில வாடிக்கையாளர் ஒருவரின் நம்பரை அடித்து பிரிவ்யூ பாருங்கள். சேவ் செய்ய வேண்டாம்.

ஆஃப் செய்வதற்கு முன் சேவ் ஆன பில்கள் மாறாது. அவற்றை ஐஜிஎஸ்டி ரிப்போர்ட்டில் பார்க்கலாம்."

கைபேசியில் இரண்டு திரை வரும். நீளம் என்று எங்கள் ஆட்களே சொன்னார்கள். நீளம்தான். ஆனால் முதல் இரண்டு பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது வாசிப்பவருக்குத் தெரிகிறது. இந்த நீளம் தேவைப்படும் மாற்றங்கள் ஒரு ரிலீஸில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மற்றவை, "நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் ஒன்றும் மாறாது" என்ற தலைப்பின்கீழ் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி.

12. அனுப்பும் முன் ஒருவரைச் செய்ய வையுங்கள்

வாசித்துப் பார்க்கச் சொல்லாதீர்கள். வாசிக்கிறவர்கள் "நல்லா இருக்குங்க" என்றுதான் சொல்வார்கள். கோடு எழுதாத ஒருவரை, எங்கள் அலுவலகத்தில் அது வரவு செலவு பார்க்கும் அக்கா, பழைய வெர்ஷன் உள்ள கம்ப்யூட்டரில் உட்காரவைத்து, குறிப்பை மட்டும் கையில் கொடுத்து அப்டேட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் நில்லுங்கள். வாயைத் திறக்கக் கூடாது.

அவர் கை எங்கே நிற்கிறதோ அங்கே குறிப்பில் ஒரு வரி குறைகிறது. அக்கா இதுவரை நின்ற இடங்களில் பாதிக்கு மேல், மெனுவின் பெயரை நாங்கள் தப்பாக எழுதிய இடங்கள்.

இந்த நேரத்தில் இன்னொன்றையும் பாருங்கள்: உதாரணத்துக்குப் போட்ட செட்டிங்கில் உண்மையான பாஸ்வேர்டோ, யாருடைய ஜிஎஸ்டி எண்ணோ, சர்வர் முகவரியோ தங்கியிருக்கிறதா? அவசரத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டும்போதுதான் இது நடக்கும்.

13. அனுப்பிய பிறகு தப்பு தெரிந்தால்

சத்தமில்லாமல் திருத்தக் கூடாது. காலையில் ஒரு மாதிரி வாசித்து வேலையை முடித்தவர், மாலையில் வேறு மாதிரி இருப்பதைப் பார்த்தால் தன் கண்ணைத்தான் சந்தேகப்படுவார். பழைய வரியை அடித்துக் காட்டி, கீழே தேதி, நேரத்தோடு புதிய வரியைச் சேருங்கள். ஏற்கெனவே அப்டேட் செய்துவிட்டவர்கள் இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதும் அந்த வரியில் இருக்க வேண்டும். அவர்கள் மறுபடி குறிப்பைத் திறந்து பார்க்க மாட்டார்கள், ஆகவே அவர்களுக்கு மட்டும் தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அல்லது போன் செய்யுங்கள்.

ரிலீஸ் ஆன முதல் மூன்று நாள் வரும் போன்களை ஒரு நோட்டில் எழுதிவைக்கிறோம்: என்ன கேட்டார்கள், பதில் குறிப்பில் இருந்ததா. இருந்தும் கேட்டார்கள் என்றால் அது தப்பான இடத்தில் இருந்திருக்கிறது. போன வெர்ஷனுக்கு அந்த நோட்டில் ஏழு போன். அதில் மூன்று, ரீஸ்டார்ட் வேண்டுமா என்பது. அந்த வரி ஆறாவது பத்தியில் இருந்தது. இப்போது அதை மேலே ஏற்றியிருக்கிறோம்.